ஏழாம் நம்பர் மெஷின் ஆடுது

லோகேஸ்வரி அக்காவுக்கும் எனக்கும் பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரே ஃபேக்டரி, ஒரே லைன். தலைமுடியை விட மெல்லிசான தங்கக் கம்பி சிப்புல ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு மைக்ரோஸ்கோப்புல பார்க்கணும். இடது கையால தட்டைப் பிடிச்சுக்கிட்டு, கோணல் கம்பியை வலது கை ஊசியால நிமித்தணும். கை அசையாதவங்களுக்குத்தான் அந்த சீட் குடுப்பாங்க. பத்தொன்பது வருஷமா ஏழாம் நம்பர் மெஷின் அக்காவோட சீட்.

"உள்ள ஒரு ஊரே இருக்குடி காமினி. எல்லாத் தெருவும் தங்கம், ஆளே கிடையாது"ன்னு சொல்லும். குனிஞ்சு பார்க்க ஆரம்பிச்சுட்டா, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாது. அந்த சீட்டை விட்டா அதுக்கு வேற உலகம் இல்ல.

ரெண்டு மாசத்துக்கு முந்தி, மைக்ரோஸ்கோப்புக்குள்ள தெரியுற படம் ஆடுதுன்னு அக்கா சொல்ல ஆரம்பிச்சுது. மெஷின்ல பழுதுன்னா ரிப்போர்ட் குடுக்கணும். அதை வெளிநாட்டுக்காரங்க பார்ப்பாங்களாம், இங்கிலீஷ்லதான் எழுதணும். பல்லு ஆடுது, நாற்காலி ஆடுது, கோயில்ல சாமி ஆடுது, நமக்கு எல்லாம் ஒரே ஆட்டம்தானே? அக்கா யோசிக்காம 'மெஷின் டான்சிங்'னு எழுதிருச்சு. எஞ்சினியர் அஸ்ஹர் அதை மீட்டிங்ல சத்தமா படிச்சுட்டு, "எந்தப் பாட்டுக்கு ஆடுச்சு?"ன்னு மலாய்ல கேட்டாரு. லைனே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன், பொய் சொல்ல மாட்டேன்.

அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "இரு, ஆட்டத்துல எத்தனை வகை இருக்குன்னு காட்டுறேன்"னு ஃபோன்ல டிக்‌ஷனரி இறக்கிக்குச்சு.

மறுநாள்லேர்ந்து சுங்கை பினாங்ல பஸ் ஏறினதும் பாடம்தான். ஜன்னல் கண்ணாடி கடகடன்னு அடிச்சா ராட்டில். பள்ளத்துல டயர் இறங்கி நாம எம்பினா பவுன்ஸ். மடியில டப்பாவுல அகர்-அகர் ஜெல்லி தளதளன்னு அசைஞ்சா வாபிள். ஏர்கான் குளிருக்கு ஷிவர். கடலோர ரோட்டுல பாதி விடிஞ்ச வெளிச்சத்துல ஒரு சம்பான் படகு தண்ணியோட ஏறி ஏறி இறங்கிக்கிட்டு இருந்துச்சு. "இது பாப்"னு மெதுவா சொல்லுச்சு அக்கா. எனக்குத் தூக்கமா முழிப்பான்னு தெரியல. பஸ்ஸு, ரோடு, கடல், தூரத்துல இறங்குற பிளேன் எல்லாம் பேர் கேட்டு நிக்கிற மாதிரியே இருந்துச்சு.

"அழறதுக்கு முன்னாடி உதடு துடிக்குமே, அதுக்கும் ஒண்ணு இருக்குடி. க்விவர்."

"அது எதுக்குக்கா நமக்கு? சிப்பா அழப்போகுது?"

தலையில நங்குன்னு ஒரு குட்டு.

திங்கக்கிழமை ரிப்போர்ட்ல 'ஷேக்கிங்'. புதன்கிழமை 'வைப்ரேட்டிங்'. ரெண்டு தடவையும் டெக்னீஷியன் வந்து மெஷினைப் பிரிச்சு மாட்டினான், ஒரு பழுதும் இல்லன்னான். மூணாவது தடவை அஸ்ஹரே வந்தாரு. மெஷின் சரியா இருந்தா ஆளைத்தான் மாத்துவாங்கன்னு லைன்ல எல்லாருக்கும் தெரியும். அக்காவை எழுந்திருக்கச் சொல்லி என்னை உட்கார வச்சாரு.

தட்டைப் பிடிச்சுக் குனிஞ்சு பார்த்தேன். ஒரு கம்பிகூட அசையல. பக்கத்துல அக்கா இடது கையை வலது கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

"ஆடுதா?"ன்னாரு அஸ்ஹர்.

"ஆடுது பாஸ். நல்லாவே ஆடுது லா."

அக்கா என்னையே பார்த்துச்சு. அது கோபமா பாசமான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அப்புறம் பிடியை விட்டுச்சு. இடது கை தன்னால நடுங்குச்சு. அதை மேசை மேல அப்படியே விட்டுட்டு, ரிப்போர்ட் தாளை இழுத்து நிதானமா எழுதுச்சு. அஸ்ஹர்கிட்ட குடுத்துட்டு யாரையும் பார்க்காம வெளிய போயிருச்சு.

அவர் படிச்சுட்டு என்கிட்ட நீட்டினாரு. 'மெஷின் ஓகே. மை ஹேண்ட் இஸ் ட்ரெம்ப்ளிங்.' அதுக்குக் கீழ இன்னொரு வரி. 'காமினி ஹேண்ட் குட். கிவ் ஹெர் மை சீட்.'

பாவி, பொய் சொன்ன எனக்கே எழுதி வச்சுட்டுப் போயிருச்சு.