பொட்டைத் தின்ற வெளிச்சம்

போன கிழமை நெல்லியடியில், ஒரு கொம்பியூட்டர் கடையில், அக்காவின் நெற்றிப் பொட்டு காணாமல் போனது.

படத்தில்தான். ஆனாலும் எனக்கு நெஞ்சு பக்கென்றது. நான் எதற்கும் பதறுகிறவன்...

அக்காவின் புருஷன், அத்தான், வெளிநாட்டுக்கென்று புறப்பட்டுப் போய் மாதக்கணக்காகிறது. ஒரு கடிதம் இல்லை. எங்கள் ஊர் கோப்பாயில் எதிர்ப்படுகிறவர்கள் முதலில் அக்காவின் நெற்றியைத்தான் பார்க்கிறார்கள். இந்த நேரம் பார்த்து, அவள் நடத்தும் தையல் வகுப்பின் கண்காட்சி மலரில் பொட்டில்லாத படம் வந்தால்? யார் வாயை மூடுவது?

கையில் இருந்த கலர்ப் படத்தில் பொட்டு சிவப்பாய்ப் பளிச்சென்று இருந்தது. திரையில் வெறும் நெற்றி.

கடைக்கார நேசன் அண்ணை சொன்னார்: "தம்பி, இந்த ஸ்கானர் சிவப்பு வெளிச்சத்தாலை பாக்கிறது. அதுக்குச் சிவப்பெல்லாம் வெள்ளைதான். கலரைக் கறுப்பு வெள்ளையாக்கேக்கை உப்பிடித்தான் வரும்."

"அப்ப ஒரு புள்ளி கீறி விடுங்கோவன், அண்ணை" என்றேன்.

அக்கா விடவில்லை. "கீறின பொட்டு எனக்கு வேண்டாம். நான் வைச்ச பொட்டு எங்கை?"

"உள்ளைதான் இருக்கு, பிள்ளை. நெத்தியை விட ஒரு துளி மங்கலா. காமாவை மாத்திப் பாப்பம்."

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு விளங்கியது இவ்வளவுதான் — சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் அப்படியே நிற்க, இடையில் உள்ள சாம்பல் நிறங்களை மட்டும் ஏற்றி இறக்குகிற கணக்காம் இந்தக் காமா. வழக்கமாக ஏற்றத்தான் வேலையாம். கல்யாணப் பேச்சுக்குப் படம் கொண்டுவரும் தாய்மார், 'இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்குங்கோ' என்று கதிரையை விட்டு எழும்பவே மாட்டார்களாம்.

இப்போது இறக்கினார்.

வாசலில் ஜெனரேற்றர் இருமியது. மண்ணெண்ணெய் முடிகிறதோ? பாதியில் நின்றுவிடுமோ? நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

படம் மேலிருந்து வரி வரியாக மாறியது. நெற்றி கறுத்தது. அதன் நடுவே, அதைவிடக் கறுப்பாய்... பொட்டு. அக்கா மூச்சு விட்டது கேட்டது.

வெளிச்சம் கூடினால் எல்லாம் தெளிவாகும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். சில விஷயங்கள் வெளிச்சம் கூடும்போதுதான் மறைகின்றன.

"கன்னமும் கறுத்துப் போச்சு, பிள்ளை. பிறகு என்னைக் குறை சொல்லப்படாது."

"கறுக்கட்டும், அண்ணை. வெயிலுக்கை நிண்டனான் எண்டு சொல்லுவன்."

மலர் வந்துவிட்டது. 'படத்திலை நல்லாக் கறுத்துப் போனாய்' என்று ஊரே அக்காவிடம் சொல்கிறது.

வேறொன்றும் சொல்லவில்லை.