ரேக்கில் நாற்பத்தெட்டு ஜோடி

திலகவதிக்குக் கணக்கு வராது என்று முதலில் தீர்ப்புச் சொன்னவர் வரதன் வாத்தியார். அப்போது அவள் ஆரம்பாக்கத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. கரும்பலகையில் அவர் ஒரு கணக்கு எழுதினார். ஏரியில் 52 கொக்குகள் இருந்தன. 17 பறந்து சென்றன. பிறகு 8 வந்தன. இப்போது ஏரியில் எத்தனை கொக்குகள்?

மற்ற பிள்ளைகள் கழித்துக் கூட்டி 43 என்று எழுதி முடித்தார்கள். திலகவதி எழுதவில்லை. அவள் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் மேல் வெயில் சாய்ந்திருந்தது. பதினேழு வெள்ளை இறக்கைகள் ஒரே சமயத்தில் எழும்பும் சத்தம் அவளுக்குக் கேட்டது. வெகுநேரம் கழித்து, தொலைவில் எட்டுப் புள்ளிகள் தெரிந்தன.

"சார், வந்த எட்டும் போன பதினேழுல இருந்துதா, இல்ல வேற ஏரிக் கொக்கா?"

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. "கேள்வி கேக்கறது என் வேலை. உங்க தெருவுல நாத்து நடப் போறவளுக்கு இது இன்னாத்துக்கு?" என்றார்.

அவள் கேட்டது தவறான கேள்வியே அல்ல. போனவையே திரும்பியிருந்தால் அன்று அந்த ஏரியில் இறங்கிய கொக்குகள் ஐம்பத்திரண்டு. வேறு கொக்குகள் என்றால் அறுபது. வாத்தியார் கேட்ட விடைக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு குழந்தை கேட்ட நல்ல கேள்விக்கு, அது பிறந்த தெருவைப் பதிலாகச் சொல்லும் மனிதரின் கையில் சாக்குக்கட்டி கொடுத்து வைத்திருந்தது ஊர். பத்தாம் வகுப்பில் கணக்கில் அவளுக்கு 31. தேற இன்னும் நான்கு மதிப்பெண் வேண்டும். எழுதாமல் விட்டவை எல்லாமே வாக்கியக் கணக்குகள். ஒன்றில் ஒரு பேருந்து வந்தது. ஒரு நிறுத்தத்தில் 14 பேர் இறங்கினார்கள். இறங்கியவர்களோடு அவளும் இறங்கிப் போய்விட்டாள். மணி அடித்ததும்தான் தேர்வுக் கூடத்துக்குத் திரும்பினாள்.

இப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. கணவன் பச்சையப்பன் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் லாரிக்குச் சுமை ஏற்றுகிறான். அவள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இறால் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. விடியற்காலை ஐந்தேகாலுக்கு வேன். ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை நின்றபடியே ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறாலின் தலையைக் கிள்ள வேண்டும். உள்ளே எல்லாம் வெள்ளை. சுவர், மேசை, ஐஸ், பெண்கள் போட்டிருக்கும் கோட்டு, தொப்பி, முகமூடி எல்லாம் ஒரே நிறம். யார் யாரென்று கண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும். குளிரில் விரல் மரத்துப்போகும்போது, தான் ஒரு மேகத்துக்குள் வேலை செய்வதாக அவள் நினைத்துக்கொள்வாள்.

அங்கே இறாலை எண்ணாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகாது. கிலோவுக்கு இருபது நின்றால் ஒரு ரகம், முப்பது நின்றால் வேறு ரகம். முப்பத்தொன்று நின்றால் கேள்வி வரும்.

வேனில் அவளுக்கு ஒரு துணை உண்டு. பக்கத்துத் தெரு ஷைனி, கிட்டத்தட்ட அவள் வயதுதான். திலகவதி ஜன்னலைப் பார்த்தபடி கணக்குச் செய்வாள், ஷைனி கண்ணை மூடியபடி விடை சொல்வாள். பல வருடங்களாக நடக்கும் விளையாட்டு அது.

"எளாவூர் செக்போஸ்ட்ல முப்பத்தோரு லாரி நிக்குது. பன்னெண்டு போச்சு. அப்பால கொஞ்சம் வந்துச்சு. இப்ப இருபத்தாறு கீது. எத்தினி வந்துச்சு?"

"ஏழு. அதுல ஒண்ணு, பொண்டாட்டி போன் பண்ணான்னு நெல்லூர் போகாம திரும்பி வந்த லாரி."

"அவ இன்னாத்துக்குப் பண்ணா?"

"அது உன் கணக்குல இல்ல. தூங்க உடுடி."

முன்சீட்டிலிருந்து யாராவது, "காலங்காத்தால இதுங்களோட ஒரே பேஜாரு" என்பார்கள். அடுத்த கணக்குக்கு அவர்களும் காதைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்த வாரம் ஷைனியை இரவு ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்து இடம் காலி. திலகவதி ஜன்னலுக்கே கணக்குச் சொல்லி ஜன்னலிடமே விடை வாங்கிக்கொண்டிருந்தாள். ஒருத்தி வேலை முடித்து வேனில் ஏறும் நேரத்தில்தான் மற்றவள் உள்ளே போகிறாள். பனிமூட்டத்தில் எதிரெதிரே போகும் இரண்டு ரயில்களைப் போல, இருவரும் அந்த வாரத்தில் ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஆலை வாசலில் சூப்பர்வைசர் ரகு வழக்கம்போல வேன் கதவருகே நோட்டோடு நின்றான். இறங்குகிற தலைகளை எண்ணுவான், எண்ணிக்கையை மட்டும் எழுதுவான். பெயர் எழுத நேரமில்லை. ஆரம்பாக்கம் வேனில் 19. ஆரணி வேனில் 16. கவரைப்பேட்டை வேனில் 12. மொத்தம் 47.

உள்ளே நுழையும் முன் எல்லோரும் வாசலோர ரேக்கில் செருப்பை விட்டுவிட்டு ரப்பர் பூட்ஸ் மாட்ட வேண்டும். அவரவர் இரண்டு செருப்பையும் ஒரு ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டி வைப்பது அங்குள்ள பெண்களின் வழக்கம். வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் ஜோடி மாறாமல் இருக்க அவர்களே கண்டுபிடித்த வழி. திலகவதி முதல் ஆளாகப் போனாள். இரவு ஷிப்டு போய்விட்டதால் ரேக் காலியாக இருக்க வேண்டும். கீழ்த்தட்டின் மூலையில் மூன்று ஜோடிகள் இருந்தன.

அவளுக்குள் கணக்கு தானாக ஓடியது. ரேக்கில் மூன்று. வந்தது நாற்பத்தேழு. ஐம்பது. பதினோரு மணிக்கு இரண்டு பெண்கள் காய்ச்சலென்று சீட்டு வாங்கி வீட்டுக்குப் போனார்கள். வெள்ளை மேசைக்கு முன்னால், விரல்கள் இறாலோடு இருக்க, மனம் ரேக்குக்குப் போய் இரண்டு ஜோடிகளை எடுத்துவிட்டு வந்தது. நாற்பத்தெட்டு. யாரும் கேட்காத விடையை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணி சுமாருக்கு, ஐஸ் அறைக்குப் போகும் அம்மோனியா குழாயில் எங்கோ ஒரு மூட்டு விட்டது.

முதலில் மூக்கில் ஊசி குத்தியது போலிருந்தது. பிறகு கதவிடுக்கிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. அது ஓடவில்லை, அவசரமில்லாமல் தரையோடு நடந்து வந்தது. வெள்ளை கோட்டுப் போட்ட பெண்கள் ஒவ்வொருவராக அதற்குள் மறைந்து மறைந்து வெளிப்பட்டார்கள். யாரோ கையைப் பிடித்தார்கள். திலகவதி யாரோ ஒருத்தியின் கையைப் பிடித்தாள். கண்ணைத் திறந்தபோது சாலையில் இருந்தாள், ஈரத்துணி முகத்தில், மேலே சாதாரண வெயில். சாலையோரப் புளியமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. இவ்வளவு அமைதியான பகலில் இப்படி ஒன்று நடக்க முடியுமா என்று அவளுக்குத் தோன்றியது.

ரகு எல்லோரையும் வரிசையில் நிறுத்தி எண்ணினான். இரண்டாவது முறையும் எண்ணினான். நோட்டைப் பார்த்தான்.

"நாப்பத்தேழு. வந்தது நாப்பத்தேழு, நிக்கறது நாப்பத்தேழு. சாமி புண்ணியத்துல எல்லாம் கரெக்டா கீது."

பல கைகள் கும்பிட்டன. திலகவதியின் கை எழவில்லை.

"சார், ரெண்டு பேர் பதினோரு மணிக்கே போய்ட்டாங்களே."

ரகு நிமிர்ந்தான். "அதுக்கு?"

"நாப்பத்தேழு வந்து ரெண்டு போச்சுன்னா நாப்பத்தஞ்சுதானே நிக்கணும். ரெண்டு பேர் அதிகமா எப்டி வந்தாங்க?"

"ஏம்மா திலகா, ஆள் கொறைஞ்சா கேளு. அதிகமா இருந்தா உனக்கு இன்னா கஷ்டம்?"

"காலைல ரேக்குல மூணு ஜோடி செருப்பு இருந்துது சார். அம்பதுல ரெண்டு போனா நாப்பத்தெட்டு. இன்னும் ஒருத்தர் உள்ள கீறாங்க."

ரகுவின் முகம் மாறியது. அவனுக்குத் தெரியும். இரவு வேலை முடித்த பெண்களில் மூன்று பேரைப் பெட்டி அடுக்கும் பக்கத்தில் பகல் ஷிப்டுக்கும் நிற்க வைத்திருந்தார்கள். 'டபுள்' என்று பெயர். நோட்டில் எழுதினால் சட்டம் குறுக்கே வரும் என்பதால் இரவு நோட்டில் அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், பகல் நோட்டில் அவர்கள் வரவேயில்லை. அந்த எட்டு மணி நேரம் அவர்கள் எந்தக் காகிதத்திலும் உயிரோடு இல்லை. இறாலில் ஒன்று கூடினால் கேள்வி கேட்கிற ஆலை, மூன்று மனிதர்களைக் கழித்துவிட்டு நிம்மதியாக இருந்தது. அவனோ சீட்டு வாங்கிப் போன இருவரை மறந்தான், மறைத்த மூவரையும் விட்டான். போன இருவரின் இடத்தை மறைத்த மூவரில் இருவர் நிரப்ப, இரண்டு தப்பும் சேர்ந்து அவன் நோட்டைச் சரியாகக் காட்டின.

"யாரு செருப்போ பழசு கெடக்கும். ஆளுங்க மூச்சு உட முடியாம நிக்கறாங்க, நீ செருப்பு எண்ணிக்கினு கீற?"

"ஆமா சார். ஓடி வந்தவங்க எல்லாம் பூட்ஸோட நிக்கறோம். செருப்பு அங்கயேதான் கீது. நீங்களே எண்ணுங்க."

ரேக் வாசல் பக்கம், புகை எட்டாத இடம். மெஷின் பார்க்கும் பென்னி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஓடினார். திலகவதி கண்ணை மூடினாள். ரப்பர் வளையம் போட்ட ஜோடிகள் ஏரியில் நிற்கும் கொக்குகளைப் போல வரிசையாகத் தெரிந்தன. பென்னி திரும்பி வந்தார்.

"நாப்பத்தெட்டு."

விடை வந்துவிட்டது, பெயர் வரவில்லை. திலகவதி வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "டபுள் போட்டது யாரு? பயப்படாதீங்க. அந்த மூணாவது ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்க."

கடைசியில் நின்ற இருவர் முகமூடியை இறக்கினார்கள். அவர்களில் ஒருத்தி ரகுவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"ஷைனி அக்கா. டீ நேரத்துல, அட்டைப்பொட்டி ரூம்ல கொஞ்சம் சாஞ்சிட்டு வரேன்னாங்க."

திலகவதியின் காதில் அதற்கு மேல் எதுவும் ஏறவில்லை. பென்னி ஆக்சிஜன் உருளையும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்தாள். கதவு அவரை விழுங்கியது. புகை மெல்ல வந்துகொண்டேயிருந்தது. ஏரியில் ஐம்பது இருந்தது, இரண்டு போச்சு, நாற்பத்தேழு கரையில். மனம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னது. வேனில் காலியாக இருந்த பக்கத்து இடம் ஞாபகம் வந்தது. இந்த வாரம் பகல் முழுக்க ஷைனி வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவள் நினைத்திருந்தாள். தான் இறால் கிள்ளிய மேசைக்கும் ஷைனி படுத்த அறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்.

புகைக்குள் ஓர் உருவம் தெரிந்தது. அகலமாக, தலை இரண்டாக. நெருங்க நெருங்க அது பென்னியும் அவர் தோளில் ஒருத்தியுமாகப் பிரிந்தது. பெட்டிகளை அடுக்கி மூடிய அறை என்பதால் புகை அங்கே தாமதமாகத்தான் போயிருந்தது. ஷைனி இருமினாள். அந்த இருமலைக் கேட்டுத்தான் திலகவதி சாலையிலேயே உட்கார்ந்தாள்.

மறுநாள் ஆலை அலுவலகத்தில் ஒரு காகிதம் தயாராக இருந்தது. 47 பேர் வந்தார்கள், 47 பேர் பத்திரமாக வெளியேறினார்கள், எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். திலகவதி அதன் பின்பக்கத்தைத் திருப்பி, நிறுத்தி நிதானமாக எழுதினாள். 'செருப்பு ரேக்கில் மூன்று ஜோடி இருந்தது. வேன்களில் 47 பேர் வந்தார்கள். 2 பேர் வீட்டுக்குப் போனார்கள். சாலையில் 47 பேர் நின்றார்கள். உள்ளே இருந்தது எத்தனை பேர்? அவர் பெயர் எந்த நோட்டில் இருக்கிறது?' கீழே கையெழுத்துப் போட்டாள். டபுள் போட்ட இருவரும் அதே பக்கத்தில் போட்டார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி முன்பக்கத்தைப் படித்துவிட்டுப் பின்பக்கத்தைப் படித்தார். பிறகு இரவு நோட்டைக் கேட்டார்.

ஞாயிறு மாலை, திலகவதி ஒரு துணிப்பையோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஷைனியின் தொண்டை வெந்திருந்தது, காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. பக்கத்தில் அவள் கணவன் எட்வர்ட் உட்கார்ந்திருந்தான்.

"மாதாதான் காப்பாத்துனாங்க" என்றான்.

ஷைனி காற்றுக் குரலில், "அத அப்பறம் சொல்லிக்கலாம். என் செருப்பு எங்க?" என்றாள்.

திலகவதி பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ஜோடியை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள். ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. ஷைனி கண்ணை மூடிக்கொண்டு விரலை அசைத்தாள். கணக்கு கேட்கிறாள்.

திலகவதிக்குப் புதிதாக எதுவும் வரவில்லை. பழைய ஒன்றுதான் வந்தது.

"ஏரில அம்பத்திரண்டு கொக்கு. பதினேழு பறந்து போச்சு. அப்பால எட்டு வந்துச்சு. அந்த எட்டும் போன பதினேழுல இருந்துதா, வேற கொக்கா?"

தூங்கிவிட்டாள் என்று திலகவதி எழுந்தபோது ஷைனியின் உதடு அசைந்தது.

"எட்டும் எதுன்னு தெரியாது. போனதுல ஒண்ணு திரும்பி வந்துச்சு."