ஏரி துரத்திய கேரவன்

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள், வெள்ளம் முதல் வேலையாக என்னைத்தான் தேடி வருகிறது என்று போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மாலை மனதார நம்பினேன். நான் நம்பியதோடு விடாமல் பதினோரு கார்க்காரர்களையும் நம்ப வைத்தேன்.

மதியம் 2.30, சேக்காடு, எங்கள் வீட்டு வாசல். மனைவியின் அண்ணன் சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விடும் கேரவன் அந்த வாரம் சும்மா நின்றது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. ஐம்பத்திரண்டு வயதில் நான் ஒரு ராத்திரிகூடத் தனியாக இருந்ததில்லை. அம்மா வீட்டிலிருந்து நேராக மணமேடைக்கு வந்தவன். இந்த ஒரு ராத்திரி, வீட்டுக்கு ஒரு போன்கூடப் போடாமல் இருந்து காட்டுவதாகச் சவால் விட்டிருந்தேன்.

“எட்டு மணிக்குள்ள போன் வரும் பாருங்க, கொசுவத்தி எங்கன்னு கேட்டு” என்றாள் மனைவி கலா.

“வராது.”

“வந்துச்சுன்னா அடுத்த தடவ நானும் வருவேன். எங்கம்மாவும் வருவாங்க.”

பணயம் எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

3.40, திருமழிசை. பருத்திப்பட்டு, பூந்தமல்லி வழியாக வந்து வாழைக்காய் பஜ்ஜி நாலு வாங்கினேன், ஒன்று பத்து ரூபாய். கடைக்காரர் வண்டியை எட்டி எட்டிப் பார்த்து, “உள்ள யாரு சார், ஹீரோவா ஹீரோயினா?” என்றார். நான்தான் என்றேன். சட்னியை அளந்து ஊற்றினார்.

4.30, ஏரிக்கரைக்குக் கீழே ஒரு தென்னந்தோப்பு. மச்சானுக்குத் தெரிந்தவருடையது. கரைமேல் ஏறிப் பார்த்தேன். முதல் மழைகளில் ஏரி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. கொக்குகள் வரிசையாக நின்றன; காற்றில் ஈரமண் வாசனை. கூப்பிட ஆளில்லை, ‘கேஸ் சிலிண்டருக்குச் சொன்னீங்களா’ என்று கேட்க ஆளில்லை. ஒரு பாட்டை உரக்கப் பாடினேன். கொக்குகள் கிளம்பிப் போயின. அப்படியொரு சந்தோஷத்தோடு கட்டிலில் சாய்ந்து, பஜ்ஜி மயக்கத்தில் தூங்கிவிட்டேன்.

5.50. சளசளவென்று தண்ணீர்ச் சத்தம். திரைபோட்ட வண்டிக்குள் கும்மிருட்டு. காலைக் கீழே வைத்தேன், பாதம் நனைந்தது. 2015 வெள்ளத்தைப் பார்த்து இந்தப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு ஐப்பசியில் இதற்கு மேல் சாட்சி வேண்டாம். செருப்பைத் தேடவில்லை. தாவி ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

நெடுஞ்சாலை ஏறிய பிறகும் சத்தம் பின்னாலேயே வந்தது. நான் வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுத்தது; பிரேக் போட்டால் இருக்கைக்கடியில் அலையடித்தது. ஏழெட்டுக் கிலோமீட்டரில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளிடமும் பேசி முடித்துவிட்டேன். மழை வந்தால் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துவதுதானே நம்மூர் வழக்கம்? பூந்தமல்லி பக்கத்து மேம்பாலத்தில் ஏற்றி ஓரங்கட்டினேன். சத்தம் நின்றது. வெள்ளத்தால் பாலம் ஏற முடியவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பின்னால் ஒரு ஆட்டோ வந்து நின்றது. “இன்னா அண்ணாத்தே, பிரேக் டவுனா?”

“ஏரியைத் திறந்துட்டாங்க” என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரம் தெரிந்தது. “மயையே காணோம்?”

“என் காலப் பாருங்க.”

பார்த்தார். ஈரம். ஆட்டோவை எனக்குப் பின்னால் ஒட்டி நிறுத்திவிட்டு யாருக்கோ போன் போட்டார். “மாமே, வண்டிய எத்துகினு பாலத்துக்கு வந்துரு. கேரவன்காரரே வந்துட்டாரு, அவருக்குத் தெரியாததா?”

6.45க்குள் பதினோரு கார்கள். பக்கத்து அடுக்குமாடியிலிருந்து வந்த ஐ.டி. தம்பதி லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு, “சார், எத்தனை கன அடி?” என்றார்கள். “நிறைய” என்றேன். யாரோ சுண்டல் பொட்டலம் கொடுத்தார்கள். வாழ்நாளில் என்னை இவ்வளவு பேர் மதித்ததில்லை.

பெருமை தாங்காமல் கலாவின் எண்ணை எடுத்து, விரலை வைக்கப் போனேன். அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

“அபார்ட்மென்ட் குரூப்ல ஒரு போட்டோ சுத்துது. பாலத்துல கார் வரிசை. முன்னாடி நிக்கிறது எங்கண்ணன் வண்டியா?”

நடந்ததைச் சொன்னேன்.

“என்னங்க, வண்டில குழாயத் தொறந்தீங்களா?”

“கை கழுவத் தொறந்தேன். தண்ணியே வரல.”

“மூடினீங்களா?”

முப்பது வருஷப் பழக்கம். தண்ணீர் வராத குழாயைத் திறந்தே வைத்து, கீழே குடத்தை வைத்துவிட்டுத் தூங்குவோம். வரும் சத்தம் கேட்டு எழுந்து பிடிப்போம்.

“அதுக்கப்புறம் எந்த சுவிட்சையாவது போட்டீங்களா?”

“ஃபேன்னு நெனச்சு ஒண்ணு போட்டேன். சுத்தல.”

“அது மோட்டாருங்க.” சிரிப்பு அடங்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. “சரி, வீட்டுக்கு வாங்க.”

“மாட்டேன். நான் போன் பண்ணல, நீதான் பண்ணின.”

ஆட்டோக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீ கெளம்பு நைனா. இவங்களுக்குத் தெரிஞ்சா, சுண்டலத் திருப்பிக் கேப்பாங்க. நா பாத்துக்கறேன்.” கார் காராகப் போய் அவர் சொன்ன கதை என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தோப்புக்கே திரும்பினேன். கைகழுவும் தொட்டியின் ஓட்டையை அடைத்திருந்த பஜ்ஜிக் காகிதத்தை எடுத்துப் போட்டு, தரையைத் துடைத்து, குடிக்க இருந்த ஒரே பாட்டில் தண்ணீரில் பாதியை உலையாக்கி நூடுல்ஸ் செய்து சாப்பிட்டு, விடியும்வரை அசையாமல் தூங்கினேன்.

காலை 6.15க்குக் கரைமேல் ஏறினேன். ஏரி முந்தின நாள் இருந்த மட்டத்திலேயே இருந்தது. ஒரு மதகும் திறக்கவில்லை, ஒரு சொட்டு மழையும் இல்லை. வண்டித் தொட்டியிலிருந்த நூறு லிட்டர் காலி. ராத்திரி முழுக்க நான் தனியாகத்தான் இருந்தேன்.