ஜம்புத்வீபுக்குத் தெற்கே இன்ஜின் நின்றபோது

எனக்குக் கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்து மூன்று வருஷமாகியும் இந்தப் பக்கத்துக் கடலைப் பார்த்ததில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த என் மனைவி கல்யாணிக்கு அது பெரிய குறை. அதனால் இந்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, பெஹாலாவில் காலை ஆறு மணிக்கு பஸ் பிடித்து, கடலோர ஊரான பிரேசர்கஞ்ச் போனோம். சுமார் 120 கிலோமீட்டர், நான்கு மணி நேரம்.

அங்கிருந்து ஜம்புத்வீப் தீவைச் சுற்றிவரப் படகு கிடைக்கும். தீவில் இறங்க அனுமதியில்லை. எங்கள் படகுக்காரர் நிதாய்-தா ('தா', 'தாதா' என்றால் வங்க மொழியில் அண்ணன்), மற்ற நாட்களில் மீன் பிடிப்பவர். தீவுக்குத் தெற்கே இன்ஜின் நின்றுவிட்டது. நீர் வற்றும் நேரம். வடியும் நீர் படகைக் கடலுக்குள் இழுத்தது. நங்கூரம் பிடிக்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. பனி வேறு மூடிக்கொண்டு வந்தது.

படகில் ஆபத்து நேரத்தில் உதவி கேட்க ஒரு பெட்டி இருந்தது. அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் படகு இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாக மீட்புக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். நிதாய்-தா அதைத் தொடவில்லை.

"இன்ஜின்தானே, சரிபண்ணிடுவேன். இதுக்கெல்லாம் அழுத்தினா நாளைக்கு யாரு நம்புவா?" என்றார் வங்க மொழியில்.

அரைமணி நேரம் போனது. கல்யாணி கேட்டாள்: "தாதா, கரை எந்தப் பக்கம்னு இப்போ தெரியுதா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். எங்கும் பனிதான். பொத்தானை அழுத்தினார்.

சில நிமிஷத்தில் பெட்டியில் விளக்கு எரிந்தது. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தமாம். அதற்கப்புறம்தான் கல்யாணி என் கையை விட்டாள்.

ஒரு மணி நேரத்துக்குள் பனிக்குள்ளிருந்து ஒரு மீன்பிடி டிராலர் வந்தது. கட்டுப்பாட்டு அறை ரேடியோவில் அவர்களுக்கு எங்கள் இடத்தைச் சொல்லியிருந்தது. அதை ஓட்டிவந்த சுபல் கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்: "என் அண்ணன் காணாமப் போனப்ப இந்தப் பெட்டி கிடையாது. ஊரே படகெடுத்துத் தேடினோம். எங்கே தேடறதுன்னே தெரியல. இன்னிக்கு நேரா வந்தேன்."

"அண்ணன் கிடைச்சாரா?" என்று கேட்டேன்.

"படகு கிடைச்சுது."

போகிறவர்களுக்கு: ஏறும்போதே உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் வாங்கிய சாட்டிலைட் கருவிகளை அனுமதியில்லாமல் கொண்டுவராதீர்கள், வழக்காகிவிடும். படகில் அந்தப் பெட்டி இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கேளுங்கள். படகுக்காரர் அதை எப்போது அழுத்துவார் என்பதையும் கேட்டுவிடுங்கள். கரை கண்ணுக்குத் தெரியும்போதே அழுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.