ஜமீலா அக்காவும் மூன்று விரல் மரங்கொத்தியும்

காம்பார் பக்கம் ஒரு மரத்தின் உச்சியில் இருந்தபோதுதான் அக்காவின் மகன் சலீம் அழைத்தான். "அண்ணே, அம்மா மௌத்தாயிட்டாங்க." செயின்சாவை அணைத்துவிட்டு இறங்கினேன். அக்கா போய்விட்டார் என்று கேட்டபின் அன்றைக்கு வேலை ஓடவில்லை. ஈப்போவில் அவர் கடையில் தே தாரிக் குடித்த உங்களுக்கு, ரொட்டிச்சானாய் சுடும் கல்லருகில் நின்ற ஜமீலா அக்காவைத் தெரியும். எனக்குத் தெரிந்தது பைனாகுலரும் கையுமாகத் திரிந்த அக்காவை.

அவரை நான் முதலில் பார்த்தபோது, பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை வீடு கட்டுவதற்காக வெட்டிக்கொண்டிருந்தோம். பட்டுப்போன ஒரு மரத்தடியில் அக்கா வந்து நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றார். எனக்கு மூக்கின்மேல் கோபம், கத்திவிட்டேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. என் பாராங் கத்தியின் பின்பக்கத்தால் மரத்தைத் தட்டிவிட்டுச் சற்று நிற்கச் சொன்னார். தட்டினேன். பொந்திலிருந்து ஒரு சிவப்புக் கொண்டை எட்டிப் பார்த்தது.

"உள்ள குஞ்சு இருக்கு தம்பி. மூணு வாரம் பொறுங்க, பறந்துரும். அப்புறம் நானே வந்து கயிறு புடிக்கிறேன்லா."

மேலாளரிடம் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. ஆனால் அக்கா சொன்னபடி வந்து கயிறு பிடித்தார்.

பிறகு அந்தப் பறவைப் பைத்தியம் எனக்கும் பிடித்தது. ஒருமுறை, பொன்முதுகு மரங்கொத்தியில் சிவப்புத் தலை ஒன்று, வெள்ளைப் புள்ளி வைத்த கறுப்புத் தலை ஒன்று என இரண்டு இனம் கண்டதாகப் பெருமையடித்தேன். கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "அது புருஷனும் பொண்டாட்டியும்லா. தலைய விடுங்க, கன்னத்தப் பாருங்க." கன்னத்தில் கறுப்புக் கோடு ஒற்றையாக இருந்தால் காலில் மூன்று விரல். கோடு பிளந்து இரண்டானால் நான்கு விரல். அதற்கு அலகும் நீளம். அந்த நான்கு விரல்காரனைக் காட்ட என்னைச் சித்தியவான் பக்கத்து அலையாத்திக் காட்டுக்கு இழுத்துப்போய் முழங்கால்வரை சேறாக்கினார். விட்டுவிட்டுக் கொத்தினால் இரை தேடுகிறது, ஒரே மூச்சில் அதிரவிட்டால் தன் இடம் என்று அறிவிக்கிறது என்பதும் அங்கேதான் விளங்கியது.

போன வாரம் சலீம் கூப்பிட்டான். அம்மாவுக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓத வீட்டுக்குப் பின்னால் கூடாரம் போட வேண்டும். அங்கிருக்கும் பட்ட பலாமரத்தை எடுக்க வேண்டும். அம்மா இருந்தவரை அதில் கைவைக்க விடவில்லையாம். வெறும் பிடிவாதம் என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

ஏறுமுன் தட்டிவிட்டு நின்றேன். இந்த நிற்றலைத்தான் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். கறுப்புத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. கன்னத்தில் ஒற்றைக் கோடு. சலீமை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் அண்ணாந்து நின்றான். கூடாரத்தை வாசல் பக்கம் போடச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தான்.

"தெனம் காலையில அம்மா இங்கதான் உக்காந்திருப்பாங்க அண்ணே. பாவம், தனியா இருக்காங்கன்னு நெனச்சிட்டேன்."