பாவு நீட்டிய தெரு

என் மகள் ஜவுளி வடிவமைப்பு படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அனுப்பிய விண்ணப்பங்கள் எதற்கும் பதில் இல்லை. அவளுக்கு நல்ல நேரம் பிறக்க நான் என்னென்னவோ செய்தேன். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினேன். அவள் மேசையைக் கிழக்குப் பார்த்துத் திருப்பினேன். சனிக்கிழமைதோறும் சின்ன காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போய், வரதராஜர் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வைத்தேன்.

அவள் வழி வேறு. எங்கள் தெருவில் காலையில் யாராவது பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றும் முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவிடுவார்கள். அதைச் சுருட்டும்வரை எந்த வண்டியும் போக முடியாது. அப்படிச் சிக்கிக்கொள்ளும் வெளியூர்க்காரர்களிடம் இவள் பேச்சுக் கொடுப்பாள். செல்போனில் தன் டிசைன்களைக் காட்டுவாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். கண்டவர்களிடம் போய் நிற்காதே என்பேன்.

"ஓடுறவங்களப் புடிச்சா பேச முடியும்? நிக்கிறவங்ககிட்டதாம்பா பேசலாம்" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை, ராகு காலத்துக்கு முன் கோயிலுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அவளைக் காணோம். வாசலை அடைத்துக்கொண்டு எதிர்வீட்டுப் பாவு. எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"கார்ல போச்சுண்ணா. ரெண்டு லேடீஸ் வந்தாங்க. பேசிக்கினே இருந்துச்சு. அப்புறம் மாகறல் கோயிலுக்கு வழி காட்டறேன்னு ஏறிக்கிச்சு. கார் ரிவர்ஸ்லயே போச்சு."

"யார் காரு?"

"தெரியலியே. பின்சீட்ல பழத்தட்டு, பூவெல்லாம் இருந்துச்சு. பொண்ணு பாக்க வந்தவங்கன்னு நெனச்சுக்கினேன்."

மகளின் செல்போன் அணைந்திருந்தது. ஸ்கூட்டரை வெளியே எடுக்க வழியில்லை. குனிந்து பாவுக்கு அடியில் புகுந்து, தெருமுனைக்கு ஓடி, அரை மணி நேரம் நின்று ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் எதிரே வந்த ஒவ்வொரு காருக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். அவள் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று போலீசில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மாகறலில் குருக்கள், மூன்று பெண்கள் அர்ச்சனை செய்துவிட்டு அப்போதே கிளம்பிவிட்டதாகச் சொன்னார்.

வீடு திரும்பியபோது பாவைச் சுருட்டி எடுத்திருந்தார்கள். அவள் செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பச்சைச் சுடிதார்.

அந்தப் பெண்கள் சென்னையில் புடவைக் கடை வைத்திருப்பவர்களாம். போகும் வழியிலேயே டிசைன்களைப் பார்த்தார்களாம். திங்கட்கிழமையிலிருந்து ஒரு மாதம் வந்து வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பிடித்தால் வேலை. அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. முன்பின் தெரியாதவர்கள் காரில் எப்படி ஏறினாய் என்று கத்தினேன்.

இட்லியைப் பிட்டபடியே அவள் சொன்னாள்: "அவங்களுக்கும் என்னத் தெரியாதுப்பா. ஏத்திக்கினாங்க இல்ல?"

அடுத்த இரண்டு நாளும் அந்தக் கடை எங்கே இருக்கிறது, யார் யார் வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தேன். குறையாக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதிலும் நிம்மதி வரவில்லை.

திங்கட்கிழமை காலை ரயிலடியில், போகட்டுமா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள்.

"சார்ஜர் எடுத்துக்கினியாம்மா?" என்று கேட்டேன்.