கதிரேசு அண்ணையின் ஏத்ர் மரமும் நான் கட்டிய சீமெந்துக் கட்டும்

1. யானைக்கால்

பாரிஸில் இருபத்தாறு வருஷம் மரம் ஏறிக் கிளை வெட்டிப் பிழைத்தவன் நான். நம் கடைத்தெருவான லா ஷப்பலில் நகைக்கடை, சலூன், சாப்பாட்டுக்கடை என்று எங்கள் ஆட்கள் எல்லாத் தொழிலும் செய்கிறார்கள். மரம் வெட்ட மட்டும் நான் ஒருவன்தான். தமிழர் தோட்டத்தில் ஒரு இலை பழுத்தாலும் என் போன் அடிக்கும்.

அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கதிரேசு அண்ணை, நகருக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் வீடு வாங்கினார். தோட்டத்தில் பெரிய பீச் மரம் ஒன்று, பழம் தரும் பீச் இல்லை, காட்டுமரம். பிரெஞ்சில் ஏத்ர். அண்ணை அதன் சாம்பல் நிறத் தண்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாத்தியே தம்பி, அப்பிடியே யானைக்கால். இது பிள்ளையாற்றை மரம். அரசமரத்துக்குக் கட்டுறமாதிரி சுத்திவர ஒரு கட்டுக் கட்டித் தா. பக்கத்திலை நிக்கிற ரெண்டு மரத்தையும் தறிச்சுவிடு. சுவாமிக்கு வெயில் பட வேணும்."

ஏத்ரின் வேர் ஆழம் போகாது. மேல்மண்ணில் பரந்து காற்றைத் தேடும். வேர்நுனியில் காளான் இழைகள் கூட்டாளியாக இருந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்கும். பட்டையோ மெல்லியது, நிழலுக்குப் பழகியது, திடீரென வெயில் பட்டால் வெந்து வெடிக்கும். இவ்வளவும் இரண்டு வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்கிய மேதை நான் என்ன செய்தேன்? "ஓமண்ணை" என்றேன். இடைஞ்சலான வேர்களை வெட்டினேன், சீமெந்து ஊற்றினேன், பக்கத்து மரங்களைத் தறித்தேன். கட்டின்மேல் அண்ணை ஒரு கல்லுப் பிள்ளையாரை வைத்தார். அண்ணையின் மனைவி மலர் அக்கா தந்த மோதகம் நன்றாக இருந்தது.

2. பந்தல்

ஒன்பது வருஷம் கழித்து, ஒரு செப்டெம்பரில் அண்ணை மறுபடி கூப்பிட்டார். சனிக்கிழமை, பெரியபிள்ளையாகிவிட்ட மகளின் சாமத்திய வீட்டு விழா. மரத்தடியில் பந்தல், விருந்தினர் உட்கார இருநூறு கதிரை. பந்தலுக்கு இடிக்கும் கிளையை வெட்ட வேண்டுமாம்.

கட்டைச் சுற்றி விசிறி விசிறியாகப் பழுப்புக் காளான் அடுக்கி நின்றது. வேரைக் கீழிருந்து தின்னும் சாதி அது. தண்டின் வெயில் பட்ட பக்கம் பட்டை உரிந்திருந்தது. கட்டின் ஓரமாக இரும்புக் கம்பியைக் குத்தினேன். கேக்குக்குள் போவதுபோல் வேருக்குள் போனது.

"அண்ணை, இது விழப்போகுது. சனிக்கிழமைக்குள்ளை வெட்ட ஆளும் கிரேனும் கிடையாது. விழாவை மண்டபத்திலை வையுங்கோ."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? இலை பச்சைப்பசேலெண்டு நிக்குது. பிள்ளையார் பாத்துக்கொள்ளுவார். நீ கிளையை வெட்டு."

"அக்கா, நீங்களாவது சொல்லுங்கோ."

"டெகரேஷன்காரருக்கு எல்லாம் சொல்லியாச்சு தம்பி," என்றார் மலர் அக்கா. "இவ்வளவு நாளும் விழாத மரம் எப்பிடி இப்ப விழும்?"

ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் அடுத்த நாளே லா ஷப்பல் முழுக்கப் பரவும், என் பிழைப்பு போகும். மாடியிலிருந்து அவர்களின் மகள் பிரெஞ்சில் யாருக்கோ தன் சேலை நிறத்தை விவரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அக்கா வேரை வெட்டினனான். சீமெந்துக்குக் கீழை வேர் செத்துப்போகுமெண்டு அப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லேல்லை."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு புருஷனிடம், "மண்டபத்துக்குப் போன் அடியுங்கோ," என்றார்.

விழா மண்டபத்தில் நடந்து முடிந்தது. அடுத்த திங்கள் காலை, ஒரு இலைகூட அசையாத நேரத்தில், மரம் வேரோடு சாய்ந்தது. பந்தல் போட இருந்த புல்வெளி முழுவதும் அதன் அடியில். அந்த இருநூறு கதிரைகளை நினைத்து நான் அண்ணை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

பிள்ளையாருக்கு ஒரு கீறலும் இல்லை. "நான் சொன்னனானெல்லே, அவர் பாத்துக்கொள்ளுவாரெண்டு," என்றார் அண்ணை. லா ஷப்பலில் எனக்கு இன்றுவரை 'மரம் விழுத்தின ஆள்' என்று பெயர். பொய்யில்லையே.

போன மாதம் அண்ணை போன் அடித்தார். "தம்பி, பழைய மரத்தின்ரை நிழலிலை கிடந்த ஏத்ர் மரக்கண்டு ஒண்டு இப்ப வெளிச்சம் கிடைச்சு நல்லா வளருது. சின்னக் கட்டு ஒண்டு..."

"ஏலாது அண்ணை."

மரத்தைப் பற்றி இரண்டு வருஷத்தில் படித்துவிட்டேன். இந்த ஒரு சொல்லைப் பழகத்தான் இவ்வளவு காலம் எடுத்தது.